எந்த போனிலும் ஓட வேண்டும்

பெரியகுளம் வட்டம் ஜெயமங்கலத்தில் ஒரு காதுகுத்தோ கல்யாணமோ நடந்தால், பந்திக்கு வந்தவர்கள் பார்த்தால் மட்டும் போதாது. திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் அத்தையும், சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனும் பார்த்தாக வேண்டும். கேமராவும் லேப்டாப்பும் வைத்துத் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு இதில் நல்ல வேலை இருக்கிறது. ஆனால் நீங்கள் எடுத்தது அவர்கள் கையிலிருக்கும் போனில் ஓட வேண்டும். பெயர் கிடைப்பதும் கெடுவதும் அங்கேதான்.

"சத்தம் கேக்குது, படம் வரலை" என்று புகார் வந்தால் கேமராவைச் சந்தேகப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு கோடெக்கில் இருக்கும். எம்பி4 என்பது வெறும் உறைதான். உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்பதே கோடெக். 2003இல் வந்த எச்.264 இன்று புழங்கும் ஏறக்குறைய எல்லா போனிலும் டிவியிலும் ஓடும். 2013இல் வந்த எச்.265 அதே தரத்தை ஏறத்தாழப் பாதி அளவில் தரும். ஆனால் காப்புரிமைக் கட்டணச் சிக்கலால் பல பிரவுசர்கள் அதை நெடுநாள் ஏற்கவில்லை, பழைய போன்களும் திணறும். 2018இல் வந்த ஏவி1 இன்னும் சிக்கனமானது. ஆனால் ஐபோனில் 15 புரோவிலிருந்துதான் அதற்கான சிப் இருக்கிறது. ஆகவே வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பிரதி எச்.264, 8 பிட், ஒலி ஏஏசி என்றே இருக்கட்டும். எடிட்டிங்கில் தவறி 10 பிட்டைத் தேர்ந்தால், எச்.264 ஆனாலும் பல போன்களில் கறுப்புத் திரைதான்.

2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் எச்.265இல் பதிவு செய்கின்றன. மாப்பிள்ளையின் நண்பர் ஐபோனில் எடுத்துத் தரும் காட்சிகளை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுக்காதீர்கள், மாற்றிக் கொடுங்கள்.

யூடியூபில் ஏற்றினால் இந்தத் தொல்லை தெரியாது. எதை ஏற்றினாலும் அது தானே பல வடிவங்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். சொந்த வெப்சைட்டில் போட்டால் அந்த வேலை உங்களுடையது. வீடியோ முழுதும் இறங்கிய பிறகே ஓடத் தொடங்குகிறதா? கோப்பின் அட்டவணை கடைசியில் மாட்டியிருக்கிறது. எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் 'ஃபாஸ்ட்ஸ்டார்ட்' கொடுத்தால் முன்னுக்கு வந்துவிடும். ஆண்ட்ராய்டில் ஓடி, ஐபோனில் மட்டும் ஓடவில்லையா? சர்வரைப் பாருங்கள். கோப்பைத் துண்டு துண்டாகக் கேட்டால் கொடுக்கும் வசதி சர்வரில் இல்லையென்றால் ஐபோனின் சஃபாரி வீடியோவை ஓட்டாது. நெட் வேகம் ஏறி இறங்கும் இடங்களுக்கு, 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் முறைதான் கை கொடுக்கும். வீடியோவைச் சிறு துண்டுகளாக, ஒவ்வொன்றையும் பல தரங்களில் வைத்திருக்கும். நெட் மெதுவானால் போன் குறைந்த தரத்துக்கு மாறி, நிற்காமல் ஓடும்.

இனி லைவ். யூடியூபில் முதல் முறை லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். முகூர்த்தத்தன்று காலையில் போய் அதைத் தேடாதீர்கள். லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் கீஃபிரேம் இடைவெளியை 2 நொடியாக வையுங்கள். 720பி தரத்துக்கு 4 எம்பிபிஎஸ் போதும். அதற்கே ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி டேட்டா போகும்; தினம் 2 ஜிபி பேக்கை நம்பி இறங்க முடியாது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா போலக் கூட்டம் கூடும் இடத்தில் டவர் நெரியும். முந்தின நாளே அங்கே போய், பதிவிறக்க வேகத்தை விட்டுவிட்டு அப்லோடு வேகத்தை அளந்து பாருங்கள்.

லேப்டாப்பில் பதிவையும் கூடவே ஓடவிடுங்கள், அதுவும் எம்கேவியாக. நடுவில் கரண்ட் போனால் எம்பி4 கோப்பு திறக்காமலே போய்விடக்கூடும். எம்கேவியில் அதுவரை எடுத்தது மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே 'ரீமக்ஸ்' கொடுத்தால் தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும்.

வீட்டில் மூலையில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றையும், யாரிடமாவது ஓர் ஐபோனையும் வாங்கி, இரண்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே லிங்க்கை அனுப்புங்கள். இந்த வேலையை இலவசமாகச் செய்யாதீர்கள். கொட்டேஷனில் ஆல்பத்துக்கும் ட்ரோனுக்கும் கீழே இதற்கும் தனியாக ஒரு தொகை போடுங்கள்.