கையெழுத்து மாறினால் காரணம் அறிவோம்

குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய், கடுமையான இரத்தப் புற்றுநோய். இதற்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீளும். முதல் சில மாதங்கள் கடந்தபின், மருந்து எடுத்துக்கொண்டே பல குழந்தைகள் பள்ளிக்குத் திரும்புகிறார்கள். கொட்டிய முடி வளர்ந்துவிட்டால், குணமாகிவிட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். மருந்து நரம்புகளில் ஏற்படுத்தும் விளைவோ வெளியே தெரிவதில்லை. வகுப்பறையில் அதற்குச் சோம்பல், கவனக்குறைவு, கிறுக்கல் என்று வேறு பெயர்கள் கிடைத்துவிடுகின்றன.

இச்சிகிச்சையின் முக்கிய மருந்து வின்கிறிஸ்டின். நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்றும் அழைக்கப்படும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இன்றும் எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காக்கிறது.

செல் பிரிதல் பாடத்தின்போது இம்மருந்தை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் நுண்குழல்களால் ஆனவை. அக்குழல்கள் உருவாவதை வின்கிறிஸ்டின் தடுக்கிறது. அதனால் புற்றுநோய்ச் செல் பிரிய முடியாமல் மடிகிறது. "நரம்புச் செல் பிரிவதில்லையே, அது ஏன் பாதிக்கப்படுகிறது?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆக்ஸானுக்குள் அதே நுண்குழல்கள் தண்டவாளம்போல அமைந்துள்ளன. செல் உடலில் உருவாகும் புரதங்கள் அவற்றின் வழியாகத்தான் நுனிவரை செல்கின்றன. பாதை நீண்டதாக இருந்தால் பாதிப்பும் முந்தி வரும். அதனால் முதலில் தளர்வது பாதமும் விரல்நுனியும்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியவை:

1. பாதத்தின் முன்பகுதி தொங்குதல், தடுக்கி விழுதல், படியேறச் சிரமப்படுதல்.
2. பென்சில் பிடி தளர்தல், கையெழுத்து கோணலாதல், சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுதல்.
3. விரல்களில் மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு.
4. தாடை வலி, குடல் நரம்புகள் பாதிக்கப்படுவதால் மலச்சிக்கல், வயிற்று வலி.

மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து, முதுகில் ஊசி வழியாகத் தண்டுவட நீரிலும் செலுத்தப்படுகிறது. இதனால் சில குழந்தைகளுக்குக் கவனமும் வேலை செய்யும் வேகமும் குறையலாம். பாடம் புரிந்திருக்கும், விடை வர நேரமாகும்.

என் வகுப்பில் இத்தகைய மாணவி ஒருத்தி படித்தாள். கேட்டால் சரியாக விடை சொல்வாள்; தாளில் பாதிதான் இருக்கும். பத்து வினாக்களுக்குப் பதில் ஐந்தை எழுதச் சொல்லி, மீதியை வாய்மொழியாகக் கேட்டேன். கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்தில் இருந்த தோழி எழுதித் தந்தாள். அவளுடைய அறிவை அவளது விரல்களைக் கொண்டு அளப்பது அத்துடன் நின்றது.

இவற்றுடன், வகுப்பைத் தரைத்தளத்தில் அமைக்கலாம். தடித்த பிடியுள்ள பேனா தரலாம். கழிப்பறை செல்லக் கேட்டால் உடனே அனுப்பலாம். உடற்கல்வி வேளையில் விலக்கி உட்கார வைக்காமல், புள்ளி குறித்தல் போன்ற பொறுப்புத் தரலாம். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகிய சலுகைகள் தேவைப்பட்டால், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியரை அணுகச் செய்வது நல்லது.

வலிப்பு, திடீரெனப் பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் பள்ளி விடும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே பெற்றோருக்குத் தெரிவித்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு மருந்து நின்றபின் சில மாதங்களில் நரம்புகள் படிப்படியாகத் தேறும். சிலருக்குத் தளர்ச்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். நோயோடு போராடி மீண்ட குழந்தை, கோணல் எழுத்துக்காக வகுப்பில் தலைகுனியக் கூடாது. நோட்டில் சிவப்பு மையால் குறிக்கும் முன், கை வலிக்கிறதா என்று ஒருமுறை கேட்போம்.