கடல் கடந்த பொட்டலங்கள்

பசிபிக் பெருங்கடலின் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுக்கூட்டம் ஹவாய். 1960களின் இறுதியில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஒவாஹு தீவில், ஹொனலுலு நகரில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் மிகப் பெரிய கணினியும் அங்கேதான் இருந்தது. ஆனால், அதன் கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் கவாயி, மாவி, ஹவாய் முதலிய பிற தீவுகளிலும் இருந்தன. ஹொனலுலுவிலிருந்து ஏறத்தாழ 320 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அவை பரவிக் கிடந்தன.

அக்காலத்தில் கணினி என்பது ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். அதன் விலையோ மிக அதிகம். தீவுக்கு ஒன்று வாங்கி வைப்பது நடவாத காரியம். எனவே, அடுத்த தீவில் படிக்கும் மாணவர் அந்தக் கணினியைப் பயன்படுத்த வேண்டுமானால், ஒன்று அவர் கணினியிடம் செல்ல வேண்டும். இல்லையேல், கணினியின் ஆற்றல் கடலைத் தாண்டி அவரிடம் வர வேண்டும்.

இந்தச் சிக்கலை 1968 செப்டம்பரில் ஓர் ஆய்வுக்குழு கையில் எடுத்தது. நார்மன் ஆப்ராம்சனும் பிராங்க்ளின் குவோவும் அதற்குத் தலைமை தாங்கினர். ஆப்ராம்சன் தகவல் கோட்பாட்டில் வல்லவர்; அலைச்சறுக்கு விளையாட்டிலும் பேரார்வம் கொண்டவர். குழுவினர் தங்கள் திட்டத்துக்கு ஹவாய் மக்களின் வாழ்த்துச் சொல்லையே பெயராகச் சூட்டினர்: அலோஹா.

தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று தோன்றலாம். மற்ற இடங்களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால், தொலைபேசி மனிதர் பேசுவதற்காக உருவானது. இருவர் பேசும்போது இணைப்பு ஓயாமல் பயன்படுகிறது. கணினியின் முன் அமர்ந்திருப்பவர் அப்படிச் செய்வதில்லை. ஒரு வரியைத் தட்டச்சு செய்கிறார். விடைக்காகக் காத்திருக்கிறார். வந்த விடையைப் படிக்கிறார், யோசிக்கிறார், எழுந்து சென்று தண்ணீர் குடித்துவிட்டும் வருகிறார். அவ்வளவு நேரமும் இணைப்பு அவருக்காகவே திறந்திருக்கும், கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேர இணைப்பில் உண்மையாகவே தகவல் சென்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில விநாடிகளே தேறும்.

ஆகவே, குழுவினர் வானொலி அலைகளை நாடினர். வானொலிக்குக் கடலடிக் கம்பி வேண்டியதில்லை. ஆனால், அங்கேயும் ஒரு கேள்வி காத்திருந்தது. பல தீவுகளில் இருக்கும் பல பயனர்கள் ஒரே கணினியுடன் பேச வேண்டும். அவர்களுக்குள் அலைவரிசையை எப்படிப் பங்கிடுவது?

பொறியாளர்களுக்கு அப்போது பழக்கமான வழிகள் இரண்டு. ஒன்று, அலைவரிசையைப் பல துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுப்பது. இதில் ஒருவர் சும்மா இருந்தாலும் அவருடைய துண்டை வேறொருவர் தொட முடியாது. மற்றொன்று, மையக் கணினி ஒவ்வொருவரையும் வரிசையாகக் கூப்பிட்டு, “அனுப்ப ஏதேனும் உண்டா?” என்று கேட்பது. பெரும்பாலோரிடமிருந்து “இல்லை” என்ற பதிலே வரும். அனுப்ப வேண்டியவரோ தம் முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். மேலும், யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை மையம் எந்நேரமும் வைத்திருக்க வேண்டும்.

ஆப்ராம்சன் குழுவினர் இவ்விரண்டையும் கைவிட்டனர். அவர்கள் வகுத்த விதி கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். அனுப்ப ஏதேனும் இருந்தால் உடனே அனுப்பலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் இருவர் ஒரே நேரத்தில் அனுப்பினால் என்ன ஆகும்? இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று மோதி இரண்டுமே கெட்டுப்போகும். இது குழுவினருக்குத் தெரியாததன்று. மோதலைத் தடுக்க முயல்வதைவிட, அது நடந்தபின் சரிசெய்வது எளிது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். திட்டத்தின் சிறப்பு முழுவதும் அந்தச் சரிசெய்யும் முறையில்தான் அடங்கியிருக்கிறது.

முதலில், செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கினர். 1970இல் ஆப்ராம்சன் வெளியிட்ட கட்டுரையின்படி ஒரு பொட்டலத்தின் அளவு 704 பிட். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் மிகச் சிறிய தகவல் அலகு. இவற்றுள் 640 பிட் செய்திக்கு உரியவை. அவற்றில் 80 எழுத்துகள் அடங்கும். 32 பிட்டுகள் அனுப்புநரின் அடையாளம் முதலிய விவரங்களைத் தாங்கும். மீதமுள்ள 32 பிட்டுகள் சரிபார்ப்புக்கானவை. மளிகைக் கடையில் பொருள்களைப் பையில் போடும்போது எண்ணிக்கையைச் சீட்டில் எழுதித் தந்தால், வீட்டில் எண்ணிப் பார்த்துக் குறையைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா? சரிபார்ப்புப் பிட்டுகளின் வேலையும் ஏறத்தாழ அதுவே. வழியில் பொட்டலம் கெட்டிருந்தால் மையத்திற்கு அது தெரிந்துவிடும்.

பொட்டலம் நல்லபடியாக வந்து சேர்ந்தால் மையம் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற சிறு பதிலை அனுப்பும். கெட்டிருந்தால் எதுவும் சொல்லாது. குறிப்பிட்ட நேரத்திற்குள் பதில் வராவிட்டால் அனுப்பிய கருவியே புரிந்துகொண்டு மீண்டும் அனுப்பும். பயனர்கள் அனுப்புவதற்கு ஓர் அலைவரிசையும் மையம் அனுப்புவதற்கு மற்றோர் அலைவரிசையும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆதலால், மையத்தின் பதில்கள் எவருடைய பொட்டலத்தோடும் மோதுவதில்லை.

ஆனால், எப்போது மீண்டும் அனுப்புவது? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. குறுகிய நடைபாதையில் இருவர் எதிரெதிரே வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒருவர் இடப்பக்கம் ஒதுங்க, மற்றவரும் அதே பக்கம் ஒதுங்குவார். உடனே இருவரும் மறுபக்கம் ஒதுங்குவார்கள். மீண்டும் முட்டிக்கொள்வார்கள். இருவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதால் வரும் வம்பு இது. மோதிய இரு கருவிகளும் சரியாக ஒரே அளவு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பினால் இதே கதிதான். எனவே, ஒவ்வொரு கருவியும் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கும்படி வடிவமைத்தனர். ஒன்று சீக்கிரம் அனுப்பும். மற்றொன்று சற்றுத் தாமதித்து அனுப்பும். ஒழுங்கைக் கொண்டுவருவதற்கு ஒழுங்கற்ற குலுக்கலைத் துணைக்கு அழைத்தது விந்தைதான்.

இப்படி அவரவர் விருப்பம்போல் அனுப்பினால் எவ்வளவு தகவல் உருப்படியாகப் போய்ச் சேரும் என்பதை ஆப்ராம்சன் கணித்துக் காட்டினார். ஒரு பொட்டலத்தை அனுப்ப 34 மில்லிவிநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அது புறப்படுவதற்கு முந்தைய 34 மில்லிவிநாடிக்குள் வேறொன்று புறப்பட்டிருந்தால் அதன் வால் இதன் தலையில் மோதும். இது சென்றுகொண்டிருக்கும் 34 மில்லிவிநாடிக்குள் மற்றொன்று புறப்பட்டால் அதன் தலை இதன் வாலில் மோதும். ஆகவே, பொட்டலத்தின் நீளத்தைப் போல் இருமடங்கு நேரம் வழி காலியாக இருக்க வேண்டும். இதை அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டால், எவ்வளவு முயன்றாலும் அலைவரிசையில் ஏறத்தாழ 18 விழுக்காடு மட்டுமே பயன்தரும் என்ற விடை கிடைக்கிறது. அந்த உச்ச நிலையில் ஒவ்வொரு பொட்டலமும் சராசரியாகக் கிட்டத்தட்ட மூன்று முறை அனுப்பப்பட்டிருக்கும்.

18 விழுக்காடு! தேர்வில் இந்த மதிப்பெண் பெற்றால் யாரும் மகிழமாட்டார்கள். ஆனால், இந்த எண்ணை வேறொரு கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பயனரும் நிமிடத்திற்கு ஒரு பொட்டலம் அனுப்பினால், இந்த ‘வீணான’ முறையிலேயே 324 பேர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று கட்டுரை காட்டியது. அதே அலைவரிசையை 324 துண்டுகளாக்கி ஆளுக்கொன்று கொடுத்தால், ஒவ்வொருவரின் வேகமும் 324இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரே ஒரு வரியை அனுப்பப் பத்து விநாடி அளவுக்கு ஆகும். அலோஹாவிலோ, கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அலைவரிசையைச் சிக்கனமாகச் செலவிடுவதா, மனிதரின் காத்திருப்பைக் குறைப்பதா என்ற கேள்விக்கு அவர்கள் அளித்த விடை இது. அந்த விடை துணிச்சலானது. அந்தத் தீவுகளின் தேவைக்குச் சரியானதும்கூட.

இம்முறையில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. பயனர்கள் அளவுக்கு மீறினால் மோதல்கள் பெருகும். மோதியவை மீண்டும் அனுப்பப்படுவதால் நெரிசல் இன்னும் கூடும். கடைசியில் எதுவுமே போய்ச் சேராத நிலைகூட வரலாம்.

1971 ஜூன் மாதம் முதல் பொட்டலம் வானொலி வழியாகச் சென்றது. மையத்தில் பொட்டலங்களை வாங்கிச் சரிபார்த்துப் பெரிய கணினியிடம் ஒப்படைக்க ஒரு சிறு கணினி இருந்தது. அதற்கு ‘மெனெஹூனே’ என்று பெயர். யார் கண்ணிலும் படாமல் பெரிய வேலைகளைச் செய்துமுடிப்பவர்கள் என்று ஹவாய்ப் பழங்கதைகள் கூறும் குள்ள மனிதர்களின் பெயர் அது.

அக்காலத்தில் அமெரிக்கப் பெருநிலத்தில், தொலைபேசிக் கம்பிகளின் வழியே கணினிகளை இணைக்கும் அர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு வளர்ந்துகொண்டிருந்தது. லாரி ராபர்ட்ஸ் அதன் பொறுப்பாளர். 1972இல் ஆப்ராம்சன் அவரைப் பார்க்கச் சென்றார். பேச்சின் நடுவே ராபர்ட்ஸ் சிறிது நேரம் வெளியே செல்ல நேர்ந்தது. அறையின் கரும்பலகையில், எந்த ஊருக்கு எந்த நாளில் இணைப்புக் கருவி அனுப்பப்படும் என்ற பட்டியல் இருந்தது. ஆப்ராம்சன் சுண்ணக்கட்டியை எடுத்து, டிசம்பர் 17 என்ற தேதியோடு அலோஹாவின் பெயரையும் அதில் எழுதிவைத்தார். பிறகு அதைப் பற்றிப் பேசவே மறந்துவிட்டார். டிசம்பர் 17 நெருங்கியபோது, கருவியை எங்கே இறக்குவது என்று கேட்டுத் தொலைபேசி அழைப்பு வந்ததாம்! இதை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவ்வாண்டு டிசம்பரில் செயற்கைக்கோள் வழியாக ஹவாய் அர்ப்பாநெட்டுடன் இணைந்தது.

அதே ராபர்ட்ஸ் அலோஹா முறையில் ஒரு திருத்தத்தையும் முன்மொழிந்தார். நேரத்தைச் சமமான சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறின் தொடக்கத்தில் மட்டுமே பொட்டலம் புறப்படலாம் என்று விதித்தார். இதனால் வாலும் தலையும் மோதும் நிலை மறைந்தது. மோதினால் முழுமையாக மோதும், இல்லையேல் மோதாது. பயன் 18இலிருந்து ஏறத்தாழ 37 விழுக்காடாக, அதாவது இருமடங்காக உயர்ந்தது.

ராபர்ட் மெட்கால்ஃப் என்ற இளைஞர் ஆப்ராம்சனின் கட்டுரையைப் படித்தபோது ஒரு குறை அவர் கண்ணில் பட்டது. விடை வராவிட்டாலும் பயனர்கள் ஓயாமல் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார்கள் என்று அந்தக் கணக்கு கருதியிருந்தது. உண்மையில், விடை வராதவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார் அல்லவா? மெட்கால்ஃப் கணக்கைத் திருத்தி எழுதினார். போதிய கோட்பாடு இல்லை என்று முன்பு ஏற்கப்படாத அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு அந்தப் பகுதி கைகொடுத்தது.

ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது, 1973 மே 22ஆம் நாள், ஒரே கட்டடத்திலுள்ள கணினிகளைக் கம்பியால் இணைக்கும் திட்டமொன்றை அவர் எழுதினார். டேவிட் பாக்ஸும் அவரும் அதை உருவாக்கினர். அனுப்புமுன் கம்பியில் வேறு யாரேனும் பேசுகிறார்களா என்று கேட்பது, மோதல் ஏற்பட்டால் உடனே நிறுத்துவது, மோதல் தொடர்ந்தால் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஆகிய பழக்கங்களை அதில் சேர்த்தனர். அதுதான் ஈதர்நெட். வீடுகளிலும் பள்ளிகளிலும் இன்று பயன்படும் வைஃபையும், அனுப்புமுன் கேட்டு, குலுக்கல் முறையில் காத்திருந்தே தன் பொட்டலங்களை அனுப்புகிறது.

ஆப்ராம்சனின் பழைய முறையும் மறைந்துவிடவில்லை. ஜிஎஸ்எம் வகைக் கைத்தொலைபேசி ஒன்றை முடுக்கும்போது, அருகிலுள்ள கோபுரத்துக்கு அப்படியொரு கருவி இருப்பதே முதலில் தெரியாது. யாரும் கூப்பிடாமல், எந்த முறையும் ஒதுக்கப்படாமல், கைத்தொலைபேசி தானாகவே ஒரு சிறு வேண்டுகோளை அனுப்புகிறது. அதே கணத்தில் மற்றொரு கைத்தொலைபேசியும் அனுப்பியிருந்தால் இரண்டும் கெட்டுப்போகலாம். பதில் வராததைக் கண்டு, இரண்டும் வெவ்வேறு நேரம் காத்திருந்து, மீண்டும் அனுப்புகின்றன.