சுவர் மூலையில் வெள்ளைப் பைகள்

அன்புள்ள பாலக்கோட்டுச் சகோதரிக்கு,

சுவர் மேல்மூலையில் பஞ்சு ஒட்டியது போன்ற வெள்ளைப் பைகள், ராத்திரியில் ஓடும் மஞ்சள் எட்டுக்கால் பூச்சி, விடிந்ததும் சின்னவன் கழுத்தில் கொப்புளம். மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு, தக்காளிக்கு அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அதைச் சொல்லத்தான் உடனே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் கைராகாந்தியம் என்னும் பை கட்டும் சிலந்திக்குப் பொருந்துகின்றன. உடல் ஒரு சென்டிமீட்டருக்குள், வெளிர்மஞ்சள், வாய்ப்பக்கம் கருத்திருக்கும், முன்கால்கள் நீளம். வலை விரித்துக் காத்திருக்காது. பகலெல்லாம் பைக்குள் அடைந்து கிடந்து, இருட்டியதும் நடந்தே வேட்டையாடும். பட்டுப்புழு ஒரே முறைதான் கூடு கட்டும் என்பது புழு வளர்க்கும் உங்களுக்குத் தெரியும். இந்தச் சிலந்தியோ பழைய பையை விட்டுவிட்டுப் புதிது புதிதாகக் கட்டிக்கொள்ளும். அதனால் பத்துப் பை தெரிந்தால் பத்துப் பூச்சி என்று கலங்காதீர்கள்.

கடித்தால் குளவி கொட்டியது போல எரியும், சிவந்து வீங்கும். சதை அழுகிவிடும் என்ற பயம் உலகெங்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கடித்த சிலந்தியையே பிடித்து உறுதிசெய்த 20 கடிகளை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டார்கள். ஒன்றில்கூடச் சதை அழுகவில்லை.

சின்னவனின் கொப்புளம் தீக்காயம் போல நீளக் கோடாக இருக்கிறது என்கிறீர்கள். என் சந்தேகம் வேறு பூச்சியின் மேல். மழைக்காலத்தில் டியூப்லைட்டைத் தேடி வரும், எறும்பு போன்ற, கறுப்பும் ஆரஞ்சுமான சின்ன வண்டு அது. கடிக்காது, தோலில் நசுங்கினால் அதன் நீர் பொசுக்கிவிடும். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்வது பல நேரம் இதன் வேலைதான். மேலே உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சிலந்திக்கு மருந்து தேவையே இல்லை. அதன் நூல்பை பாதுகாப்பு தருவதால் பகலில் அடிக்கும் மருந்து அதைச் சரியாகத் தொடாது. உங்கள் புழுக்களும் குழந்தையும்தான் அந்தக் காற்றை மூச்சில் வாங்கும். பகலிலேயே ஒட்டடைக் கோலின் நுனியில் ஈரத்துணி சுற்றி, பையோடு உருட்டி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் அமுக்குங்கள். வாரம் ஒரு முறை செய்தால் போதும். ஜன்னலில் ஏறிய அவரைக்கொடியை விலக்கிக் கட்டுங்கள், இடுக்குகளை அடையுங்கள். இடுக்கு கிடைத்தால் சிலந்தி விடாது. பெட்ரோல் ஆவிக் குழாயில் இந்தச் சிலந்தி நூல் பின்னியதால், 2011-இல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் பார்த்தால் மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே அது செடியைத் தின்னும் பூச்சிகளைத் தின்கிறது.

கொப்புளம் பரவினாலோ, கண்ணருகே வந்தாலோ, சீழ் பிடித்தாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சின்னவன் எப்படி இருக்கிறான் என்று எழுதுங்கள்.

அன்புடன்.