விழாவும் எஞ்சிய பண்டமும்

விழா என்னும் சொல்லைக் கேட்டவுடன் சிறுவர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது பண்டமே ஆகும். விழாவிற்குப் பண்டம் செய்யும் முறையை விரித்துரைப்பார் பலர். விழா முடிந்தபின் எஞ்சி நிற்கும் பண்டத்தை என் செய்வது என்று எண்ணுவார் மிகச் சிலரே. அதனை வீணாக்குதல் தவறு. வீணாகிவிடுமே என்று அஞ்சி அளவு மீறி உண்ணுதலும் தவறு. இவ்விரு தவறுகட்கும் இடையே செல்லும் நெறி யாது என்பதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

யான் வளர்ந்தது குற்றாலத்திற்கு அணித்தாயுள்ள ஒரு சிற்றூர். ஆனி, ஆடித் திங்கள்களில் மேற்கு மலையிலிருந்து வரும் சாரல் எங்கள் முற்றத்தை நனைக்கும். ஐப்பசியிலோ வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆதலின் தீபாவளி எங்கட்கு மழையோடு வரும் விழா. அதிரசம், முறுக்கு, முந்திரிக்கொத்து, சுகியன் ஆகியவை வீட்டிலேயே செய்யப்பெறும். கோதுமைப்பால், சர்க்கரை, நெய் ஆகிய மூன்றினால் ஆகும் அல்வாவும் உண்டு. வடநாட்டிலிருந்து சொக்கம்பட்டி ஜமீனுக்கு வந்த சமையற்காரரே அதனை இப்பக்கத்திற்குக் கொணர்ந்தார் என்று கூறுவர். அச்சொக்கம்பட்டி இந்நாளில் தென்காசி மாவட்டத்தில் உள்ளது. வீட்டுப் பண்டம் போதாதென்று அண்டை வீடுகளிலிருந்தும் தட்டுத் தட்டாகப் பண்டங்கள் வந்து குவியும்.

எனக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. அவ்வாண்டுத் தீபாவளியில் எனக்கென்று கிடைத்த பண்டங்களையெல்லாம் ஒரு தகரச் சம்படத்தில் இட்டுப் பரண்மேல் மறைத்து வைத்தேன். தங்கை ஒரு துண்டு அல்வா கேட்டாள்; இல்லை என்றேன். நாள்தோறும் இரவில் அனைவரும் உறங்கியபின் மெல்லப் பரணேறி, கைக்கு அகப்பட்டதை உண்டேன். பசியால் உண்டேனல்லேன், பிறர் கைக்குப் போய்விடுமே என்னும் அச்சத்தால் உண்டேன். நான்காம் நாள் வயிற்றுவலி கண்டு படுத்தேன்.

எழுந்து நடமாட ஆகியது எட்டாம் நாள். சம்படத்தைத் திறந்து பார்த்தேன். சுகியன்மேல் பூஞ்சணம் பூத்திருந்தது. முறுக்கு நமத்துப் போயிருந்தது. அல்வாவில் எறும்பு மொய்த்திருந்தது. எறிந்துவிட மனம் வரவில்லை. எங்கள் வீட்டு மாடுகளை மேய்க்கும் சிறுவனுக்குக் கொடுத்துவிடலாம் என்று எண்ணிச் சம்படத்தோடு கொல்லைப்புறம் சென்றேன். அங்கே என் ஆச்சி நின்றிருந்தார். சம்படத்தினுள் ஒருமுறை நோக்கினார்.

“நீ உண்ணத் தகாததை அவன் மட்டும் உண்ணத் தகுமா, ஐயா?” என்று கேட்டார்.

யான் தலை குனிந்தேன். “எல்லாம் வீணாகிவிடுமே, ஆச்சி! அதனால்தான் நானும் உண்டேன்” என்றேன்.

“வயிறு என்ன பரணா, மிஞ்சியதையெல்லாம் ஏற்றி வைக்க? வேண்டாதபோது வயிற்றில் போட்டதும் வீண்தான். குப்பையில் போட்டால் பண்டம் மட்டும் கெடும், வயிற்றில் போட்டால் பண்டமும் கெட்டு உடம்பும் கெடும்” என்றார் அவர்.

அடுத்த ஆண்டுத் தீபாவளியன்று மாலையில் ஆச்சி என்னை அருகில் அமர்த்திக்கொண்டு, எஞ்சிய பண்டங்களை மூன்று கூறாக்கினார். பாலும் தேங்காயும் சேர்ந்தவை முதற் கூறு. அவற்றில் ஈரம் மிகுதியாதலின் அவை விரைவிற் கெடும். அவற்றை அன்றே வீட்டினர் அனைவரும் சிறிது சிறிதாக உண்டோம். அல்வாவும் பிற இனிப்புகளும் இரண்டாம் கூறு. அவற்றிற் பெரும்பகுதியை மறுநாட் காலையிலேயே தட்டுகளில் வைத்து, மாடு மேய்க்கும் சிறுவன் வீட்டிற்கும், தீபாவளி கொண்டாடாத அண்டை வீடுகட்கும் என்னையே கொண்டுபோய்க் கொடுக்கச் செய்தார். அவ்வீடுகளிலிருந்து நோன்புப் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் எங்கட்குப் பண்டம் வருவது வழக்கம். நாட்பட நிற்கும் முறுக்கும் அதிரசமும் மூன்றாம் கூறு. அவற்றை ஈரமற்ற பாத்திரத்தில் இட்டு, இறுக மூடி, எங்கள் கைக்கு எட்டாத உறியில் வைத்தார். நாள்தோறும் பிற்பகலில் ஆளுக்கு ஒன்று கிடைக்கும். கேட்டாலும் இரண்டு கிடையாது. கார்த்திகைத் தீபம் வரையில் அப்பண்டம் எங்கட்கு இன்பம் தந்தது. முந்தைய ஆண்டில் நான்கே நாளில் உண்டு நோயுற்ற எனக்கு, நாளுக்கொன்றாக உண்டதன் சுவை மிகுதியாகத் தோன்றியது.

ஆச்சியின் முறை அறிவியலுக்கும் ஒத்ததாகும். சர்க்கரைப்பாகு மிகுந்த பண்டத்தில் உள்ள நீரைச் சர்க்கரை பற்றிக்கொள்ளுதலால் நுண்ணுயிர்கள் எளிதில் வளரமாட்டா. ஈரக் கையையோ ஈரக் கரண்டியையோ இட்டால் அக்காப்பு நீங்கிவிடும். எண்ணெயும் நெய்யும் காற்றும் வெளிச்சமும் படுங்கால் சிக்கு வாடை கொள்ளும். ஆகவே இறுக மூடி, இருண்ட இடத்தில் வைத்தல் நன்று. பூஞ்சணம் கண்ட பண்டத்தை மேற்புறம் மட்டும் சுரண்டிவிட்டு உண்ணலாகாது. அதன் இழை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும்.

உண்ணும் அளவிற்கும் ஒரு வரையறை உண்டு. உணவிற் சேர்க்கும் சர்க்கரையினின்று பெறும் ஆற்றல், நாள் முழுதும் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும், அதனினும் பாதியாகக் குறைப்பின் மேலும் நலம் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அக்குறைந்த அளவு, வளர்ந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம், அஃதாவது ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையாகும். காப்பியிலும் தேநீரிலும் இடுவதும் இதனுள் அடங்கும். மேலும், இனிப்பை அடிக்கடி கொறித்தால் வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். ஆதலின் நாளெல்லாம் கொறித்தலை விடுத்து, ஒருவேளை உண்டு வாய் கொப்புளித்தல் நன்று. இந்தியாவில் ஏறத்தாழ பத்துக் கோடிப் பேர் நீரிழிவு உடையவர் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. அந்நோய்க்கு இனிப்பு ஒன்றே காரணம் அன்று. எனினும் மிகையுணவும் அதனால் வரும் உடற்பருமனும் அதற்கு வழி வகுக்கும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அஃது 95-ஆம் அதிகாரம். அதிலுள்ள பத்துக் குறட்பாக்களுள் ஆறு, உண்ணும் முறையையும் அளவையுமே கூறுகின்றன. மருத்துவனைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னரே வருகின்றது. தீபாவளியன்று இஞ்சியும் மிளகும் திப்பிலியும் சேர்த்துச் செய்த இலேகியத்தை உண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது செரிமானத்திற்குத் துணையாகலாமேயன்றி, மிகையாக உண்பதற்குக் கொடுத்த உரிமைச்சீட்டு ஆகாது.

இந்நாளில் பண்டங்களின் பெயர் மாறியிருக்கின்றது. வளைகுடா நாடுகளிற் பணிபுரியும் நம்மவர் விடுமுறைக்கு வருங்கால் பெட்டி பெட்டியாகச் சாக்கலேட்டுக் கொணர்கின்றனர். மேலைநாட்டு வீடுகளிலும் கிறிஸ்துமஸ் கழிந்தபின் சாக்கலேட்டு எஞ்சி நிற்கும். அதற்கும் ஆச்சியின் நெறியே பொருந்தும். பாற்பூரணமோ பழப்பூரணமோ உடையவற்றை முதலில் உண்க. கட்டிச் சாக்கலேட்டு, குளிர்ந்த உலர்ந்த இடத்திற் பல திங்கள் கெடாது நிற்கும். வெப்பத்தால் இளகி மீண்டும் இறுகும்போது அதன்மேல் வெண்மை படரலாம். அஃது உள்ளிருந்து வெளிப்பட்ட கொழுப்பேயன்றிப் பூஞ்சணம் அன்று. ஒரு துண்டைச் சூடான பாலிற் கரைத்தால் வீட்டினர் அனைவரும் பருகலாம். உறையைப் பிரிக்காத பெட்டியை அப்படியே பிறர்க்கு வழங்குதல் இன்னும் சிறப்பு.

குற்றாலத்துப் பேரருவியைக் கண்டவர் ஒன்றை அறிந்திருப்பர். மலையுச்சியினின்று வரும் நீர் நேரே நம் தலைமேல் வீழ்வதில்லை. இடையே பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் வீழ்ந்து, தன் வேகம் தணிந்து, பின்னரே பரந்து இறங்குகின்றது. அதனாலேயே முதியவரும் சிறுவரும் அதன்கீழ் நின்று நீராட முடிகின்றது. வெள்ளம் பெருகி வேகம் மிகும் நாளில் நீராடத் தடை விதித்துவிடுவர். நீர் அதே நீர்தான், அளவே வேறு. விழா தரும் வளமும் அத்தகையதே. அவ்வளத்திற்கும் நம் வாய்க்கும் இடையே சற்று நின்று எண்ணும் எண்ணம் ஒரு பொங்குமாங்கடலாக அமைதல் வேண்டும்.

மாணவர்களே! அடுத்த விழாவன்று உங்கள் வீட்டிற் பண்டம் எஞ்சுமாயின் மூன்று கூறாக்குங்கள். விரைவிற் கெடுவதை அன்றே உண்ணுங்கள். நாட்பட நிற்பதை அளவறிந்து உண்ணுங்கள். பிறர்க்குரியதை அது நன்றாயிருக்கும்போதே கொடுங்கள். அன்று கொல்லைப்புறத்தில் யான் கொடுக்கச் சென்றது கொடையன்று, கழிவு. மறு ஆண்டில் அதே சிறுவன் கையில் புதுப்பண்டத் தட்டை வைத்தபொழுது, அவன் ஓர் அதிரசத்தை எடுத்து என்னிடம் நீட்டி, “நீயும் தின்னு” என்றான். அன்றைக்கு எனக்குரிய ஒன்று அதுவே ஆயிற்று. அத்துணைச் சுவையான அதிரசத்தை யான் பின்னர் உண்டதில்லை.

பயிற்சி வினாக்கள்

1. ஆச்சி எஞ்சிய பண்டங்களை எவ்வாறு மூன்று கூறாக்கினார்? காரணத்துடன் எழுதுக.
2. “வயிறு என்ன பரணா?” – இக்கூற்றின் பொருளை விளக்குக.
3. பொங்குமாங்கடலை ஆசிரியர் எதற்கு உவமையாக்கினார்?
4. கொடைக்கும் கழிவிற்கும் உள்ள வேறுபாட்டினை உம் வாழ்வில் கண்ட நிகழ்ச்சி ஒன்றால் விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.