லோடு ஆட்டோவும் பேரேடும் – ஓர் அடக்கவிலை ஆய்வு

நாற்பத்தெட்டு மடைகளுக்குப் பேர்போன பெரிய கண்மாயின் கரையில் அமைந்தது எங்கள் ஆர்.எஸ்.மங்கலம். இவ்வூரில் சரக்கு வண்டி என்றால் இன்று பெரும்பாலும் மூன்று சக்கர லோடு ஆட்டோதான். திருப்பாலைக்குடியிலும் தொண்டியிலும் வைகறையில் கரையேறும் மீன் பெட்டிகள், தை மாசியில் நெல் மூட்டைகள், அதன்பின் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய்ச் சாக்குகள், முகூர்த்த நாட்களில் பந்தல் சாமான்கள், இவை அனைத்தும் அதன் முதுகில்தான் ஏறுகின்றன.

என் தாய்மாமன் இத்தகைய வண்டி ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டிக் குடும்பம் நடத்துபவர். வண்டி ஓய்ந்துவிட்டது. புதிது வாங்கியாக வேண்டும். பேட்டரி வண்டி வாங்கினால் டீசல் செலவே இல்லை என்று ஒரு விற்பனையாளர் சொல்லிவிட்டுப் போக, "வணிகவியல் படிக்கிறாயே மாப்பிள்ளை, ஒரு கணக்குப் போட்டுச் சொல்" என்று மாமா என்னிடம் ஒப்படைத்தார். வகுப்பில் படித்த அடக்கவிலைக் கணக்கியல் வீட்டுத் திண்ணைக்கு வந்த கதை இதுதான். இங்குக் காட்டப்படும் வண்டி விலை, வட்டி, பழுதுச் செலவு ஆகியன கணக்கின் வசதிக்காக முழு எண்களாக்கப்பட்டவை. வாசகர்கள் தத்தம் ஊர் விலையை இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். முறை மாறாது.

ஓடாத நாளின் செலவு

செலவுகளை நிலைச்செலவு, மாறும் செலவு என இருவகையாகப் பிரிப்பதை முதலாண்டு மாணவரும் அறிவர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது முன்னது. ஓடும் தூரத்திற்கேற்பக் கூடுவது பின்னது. டீசல் வண்டியை விடப் பேட்டரி வண்டிக்கு விலை கூடுதல், ஓட்டச் செலவு குறைவு. அஃதாவது, பேட்டரி வண்டியை வாங்குபவர் தம் மாறும் செலவை நிலைச்செலவாக மாற்றிக்கொள்கிறார். பல ஆண்டு டீசலில் ஒரு பகுதியை முதல் நாளே கடன் வாங்கிப் போட்டுக்கொள்வது போன்றது இது. ஆகவே வண்டி நிறைய ஓடினால் இலாபம், நின்றால் நட்டம். டீசல் வண்டி நிற்கும் நாளில் அதன் செலவில் பெரும்பகுதியும் உடன் நின்றுவிடும். பேட்டரி வண்டி நின்றாலும் தவணை நிற்காது.

எங்கள் பகுதிக்கு இது முக்கியமான செய்தியாகும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப் படகு மீன் மட்டும் கொஞ்சம் வரும். ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்கே போக மாட்டார்கள். கண்மாய் நிறையாத ஆண்டில் நெல் மூட்டையும் குறைவு. எனவே கேட்க வேண்டிய முதற் கேள்வி வண்டியின் விலையைப் பற்றியதன்று. ஆண்டில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறோம் என்பதே.

இதற்கு மாமாவிடம் விடை இல்லை. வண்டியின் கிலோமீட்டர் முள் செத்து நாலைந்து வருடம் ஆயிற்று. நல்லவேளையாக டீசல் போட்ட சிட்டைகளை அத்தை ஒரு ஆணியில் குத்தி வைத்திருந்தார். ஓராண்டுச் சிட்டைகளைக் கூட்டினால் 528 லிட்டர். தொட்டியை நிரப்பித் தூரம் தெரிந்த ஊர்களுக்குச் சரக்குடன் ஓட்டிப் பார்த்ததில் லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கிடைத்தது. ஆக ஆண்டு ஓட்டம் 13,200 கிலோமீட்டர். நாளுக்கு 60 வீதம் 220 நாள் ஓட்டம் என்று சொல்லலாம். பெரிய கணக்குகள் பலவும் இப்படி ஆணியில் குத்திய சிட்டையில்தான் தொடங்குகின்றன போலும்.

மாமாவின் கணக்கும் என் கணக்கும்

டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 80 காசு. பேட்டரி வண்டிக்கு வருவோம். மஹிந்திரா நிறுவனம் 2020இல் அறிமுகப்படுத்திய ட்ரியோ ஜோர் என்னும் சரக்கு வண்டியின் பேட்டரி 7.37 யூனிட் கொள்ளளவு உடையது. அத்தகைய பேட்டரி ஒரு முறை நிறைந்தால் நடைமுறையில் 80 கிலோமீட்டர் என்று கொண்டு, சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு 0.105 யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்றால் 1 ரூபாய் 5 காசு.

இதைக் கேட்டதும் மாமாவே பெருக்கிவிட்டார். ஆண்டுக்கு டீசல் 50,160 ரூபாய். மின்சாரம் 13,860 ரூபாய். "ஐம்பதாயிரம் எங்கே, பதினாலாயிரம் எங்கே! இதில் யோசிக்க என்ன இருக்கிறது மாப்பிள்ளை?" என்றார். மிச்சம் 36,300 ரூபாய். விற்பனையாளர்கள் காட்டும் கணக்கும் பெரும்பாலும் இந்த இடத்தோடு முடிந்துவிடுவதுதான்.

நிலைச்செலவைப் பார்ப்போம். டீசல் வண்டி 3,00,000 ரூபாய்; ஆறு ஆண்டு கழித்து 75,000 ரூபாய்க்கு விற்கலாம். பழைய டீசல் வண்டிக்குச் சந்தை உண்டு. அதைப் பிரித்து மேய மெக்கானிக்கும் உண்டு. ஆண்டுத் தேய்மானம் 37,500. முதலீட்டின் சராசரியான 1,87,500 ரூபாய்க்கு 12 விழுக்காடு வட்டி 22,500. ஆகக் கூடி 60,000.

பேட்டரி வண்டி 4,20,000 ரூபாய். ஆறு ஆண்டு ஓடிய பேட்டரி வண்டியை யார் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்பது இன்னும் பழக்கத்தில் உறுதிப்படாத செய்தி. ஆகவே அச்சத்துடன் 30,000 என்றே கொண்டேன். தேய்மானம் 65,000. கடன் கொடுப்போரும் இதே அச்சத்தால் சற்றுக் கூடுதல் வட்டி கேட்பார்கள் என்று 14 விழுக்காடு வைத்தால், சராசரி முதலீடு 2,25,000 ரூபாய்க்கு 31,500. மொத்தம் 96,500. காப்பீடு முதலியன இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வேறுபாடு 36,500 ரூபாய். நாள் ஒன்றுக்குச் சரியாக 100 ரூபாய்! டீசலில் மிச்சமான 36,300ஐ இது முழுதாக விழுங்கி, மேலும் 200 ரூபாய் கேட்கிறது. மாமாவின் முகம் சுருங்கிவிட்டது.

எனினும் பழுதுச் செலவு பாக்கியிருந்தது. எஞ்சின் ஆயில், வடிகட்டி, கிளட்ச் இவையெல்லாம் பேட்டரி வண்டிக்கு இல்லை. டீசல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 1 ரூபாய், பேட்டரி வண்டிக்கு 55 காசு என்று கொண்டால் ஆண்டில் 5,940 ரூபாய் மிச்சம். 200 போக, நிகர இலாபம் 5,740 ரூபாய். மாதம் ஐந்நூறுக்கும் குறைவு.

எரிபொருளும் பழுதும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 20 காசு மிச்சம். 36,500ஐ 3.20ஆல் வகுத்தால் வருவது 11,406. இதுவே சமநிலைப் புள்ளி. இதற்கு மேல் ஓடுபவருக்குப் பேட்டரி வண்டி. கீழே ஓடுபவருக்கு டீசல் வண்டி.

எது புள்ளியை அசைக்கிறது?

சமநிலைப் புள்ளியைக் கண்டதும் பேனாவை மூடிவிடுவது நம் வழக்கம். தேர்வுக்கு அது போதும். வண்டி வாங்குபவருக்குப் போதாது. எடுத்துக்கொண்ட எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்கே வியப்பு ஏற்பட்டது.

டீசல் விலை 10 ரூபாய் உயர்ந்து 105 ஆனால் புள்ளி 10,139க்கு இறங்கும். சுமார் 1,270 கிலோமீட்டர்தான் வேறுபாடு. வீட்டுச் சார்ஜை விட்டு, வெளியே சார்ஜ் நிலையத்தில் யூனிட் 20 ரூபாய் கொடுக்க நேர்ந்தால் புள்ளி 16,977க்கு ஏறிவிடும். ஆறு ஆண்டுகளுக்குள் பேட்டரி ஒரு முறை மாற்ற வேண்டி வந்து 1,20,000 ரூபாய் ஆனால், ஆண்டுக்கு 20,000 கூடி, புள்ளி 17,656 ஆகும். மாமாவின் 13,200க்கு அப்போது 14,260 ரூபாய் நட்டம். ஊர் முழுதும் பேசுவது டீசல் விலையைப் பற்றி. கணக்கு சொல்வதோ, பேட்டரியின் ஆயுளையும் எந்தப் பிளக்கில் செருகுகிறோம் என்பதையும் பற்றி.

பேட்டரி எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதோடு, எவ்வளவு வெப்பத்தில் நிற்கிறது என்பதும் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். எங்கள் மாவட்டத்துச் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரும் கடற்காற்றும் மின்இணைப்பு முனைகளை அரிக்கும். ஆகவே கொட்டகை நிழலும், வண்டியைக் கழுவும் பழக்கமும் இங்கே அடக்கவிலையின் பகுதிகளாகிவிடுகின்றன. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், கொள்ளளவு எவ்வளவு குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்னும் மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். வாய்ச்சொல்லைப் பேரேட்டில் பதிய முடியாது.

பிளக் விஷயத்தில் ஒரு சிக்கல். வீட்டு இணைப்பில் இரு மாதப் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக உயரும். வண்டிக்குச் செலவாகும் யூனிட்டுகள் வீட்டு மின்விசிறிக்கான கட்டணத்தையும் மேலேற்றிவிடும். தொழிலுக்கு வீட்டு இணைப்பைப் பயன்படுத்துவது முறையா என்ற கேள்வி வேறு. 10 ரூபாய் என்று நான் கொண்டது இதனால்தான்.

எண்ணில் சிக்காத இரண்டு உண்டு. இரவில் மின்சாரம் போனால் காலை மூன்று மணிக்கு வண்டி கிளம்பாது. மீனும் ஐஸும் காத்திருக்க மாட்டா. அடுத்து, மதுரை ஓட்டம். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தச் சவாரி மாதம் ஒரு முறை மாமாவுக்கு வரும். பேட்டரி வண்டியில் அதை விட்டுவிட வேண்டும். ஒரு சவாரிக்கு 1,000 ரூபாய் மிஞ்சும் என்றால் ஆண்டுக்கு 12,000. வாய்ப்புச் செலவு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். அந்த 5,740 ரூபாய் இலாபம் இதில் கரைந்து 6,260 ரூபாய் நட்டமாகிவிடுகிறது.

சலுகைகள் யாருக்கு?

மத்திய அரசின் ஃபேம் திட்டம் 2015இல் தொடங்கி, அதன் இரண்டாம் கட்டம் 2024 மார்ச்சில் முடிந்தது. பி.எம். இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. இவை தவணை உடையவை. வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. சரக்கு சேவை வரி மின்வண்டிக்கு 5 விழுக்காடு. டீசல் மூன்று சக்கர வண்டிக்கு 28 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்ததால், விலை இடைவெளியில் மின்வண்டிக்கு இருந்த அனுகூலம் சற்றுக் குறைந்தது.

மின்வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம் என்பதையும் பெருமையாகச் சொல்வர். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் ஏற்கெனவே அந்த விலக்கை அளித்துள்ளது. டீசல் லோடு ஆட்டோவுக்கும் அது பொருந்தும். பயணிகள் ஆட்டோக்காரருக்குப் பயன்படும் சலுகை, மாமாவுக்குச் சலுகையே அன்று.

உலக அனுபவம் ஒன்றையும் இங்கு நினைவுகூரலாம். இங்கிலாந்தில் வீடு வீடாகப் பால் புட்டி கொடுக்கும் வண்டிகள் சென்ற நூற்றாண்டிலேயே பல்லாயிரக்கணக்கில் பேட்டரியில் ஓடின. ஈய-அமில மின்கலம், மெதுவான ஓட்டம். ஆனால் தினமும் ஒரே வழி, ஒரே தூரம், இரவில் ஒரே கொட்டகை. அதனால்தான் கட்டுபடியாயிற்று. பின்னாளில் மக்கள் பெருங்கடைகளில் பால் வாங்கத் தொடங்கியதும் அவ்வண்டிகள் மறைந்தன. குறைந்தது வண்டியின் திறமையன்று, அதற்கிருந்த ஓட்டம்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. காலை மீன் ஓட்டம் முடிந்தபின் வண்டி பகலெல்லாம் சும்மா நிற்கிறது. அருகிலுள்ள கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடும் வேலை ஒன்று கேட்டுப் பார்க்கலாம் என்றார். நாளுக்கு 70 கிலோமீட்டர், ஆண்டில் 280 நாள் ஓடினால் 19,600 கிலோமீட்டர். பேட்டரியை ஒரு முறை மாற்றினாலும் 6,220 ரூபாய் மிஞ்சும், மாற்றாவிட்டால் 26,220. மதுரை ஓட்டத்தின் 12,000ஐ இரண்டிலும் கழித்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொன்னதும், "அதையும் கழிக்கணுமா?" என்று சிரித்தார். கேன் வேலை உறுதியாகக் கிடைக்கிறதா என்று தெரியும்வரை கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் கருத்து.

இப்போது வண்டியின் முன்கம்பியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், சரக்கு, வாடகை, சும்மா நின்ற நேரம் ஆகியவற்றை மாமா பென்சிலால் குறித்து வருகிறார். மீன்பிடித் தடைக்காலம் முடியும்வரை எழுதிவிட்டு முடிவு செய்வாராம். அதுவரை ஓட வேண்டுமே என்று பழைய டீசல் வண்டிக்குக் கிளட்ச் மாற்றியிருக்கிறார். 4,200 ரூபாய் ஆயிற்று. அந்தச் சிட்டையையும் அத்தை ஆணியில் குத்திவிட்டார்.