அளந்து பார்த்துவிட்டுப் பேசு

அன்புள்ள தம்பி,

ஈறு மருத்துவத்தில் முதுகலை சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டு மகிழ்ச்சி. ஹரால்டு லோ 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் செய்த சோதனையைத் தேர்வுக்கே படித்திருப்பாய். ஈறு நன்றாக இருந்த 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஆறிவிட்டது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீ நிறுத்தாதே. அதே லோ நம் மக்களின் வாயைப் பார்த்து எழுதியதையும் படி.

1970-இல் இலங்கை மலையகத்தில் டன்சினன், ஹாரோ என்ற இரு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களை அவர் குழு பரிசோதித்தது. எல்லோரும் ஆண்கள். பல் மருத்துவமும் பிரஷும் எட்டாத வாழ்க்கை. சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. ஆனால் பல்லெல்லாம் காரை, தொட்டால் ரத்தம். அவர்களை 1985 வரை திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள். ஒரே மாதிரித் தோட்டம், ஒரே மாதிரி அழுக்கு. அப்படியும் 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றி, 45 வயதில் வாயில் பல்லே மிஞ்சவில்லை. 81 சதவீதத்தினருக்கு மெல்ல மெல்லப் பற்களின் பிடிமானம் போனது. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. கவனிக்காமல் விட்டால் இந்த நோய் எப்படிப் போகும் என்பதை உலகம் அவர்கள் வாயிலிருந்துதான் கற்றுக்கொண்டது. பதிலுக்கு அவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி எனக்குள் இன்னும் அடங்கவில்லை.

ஒரே அழுக்கிலும் நோய் ஆளுக்கு ஆள் வேறாகப் போகிறது. அதனால்தான் சொல்கிறேன், “ஒழுங்கா பல்லே தேய்க்கிறதில்லையா?” என்று எவரையும் அதட்டாதே. துலக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் சர்க்கரை இருக்கிறதா, பீடி சிகரெட் உண்டா, அப்பா அம்மாவுக்குச் சின்ன வயதிலேயே பல் விழுந்ததா என்று கேள். பிறகு பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உள்ள பையின் ஆழத்தை அளக்கும் புரோப்பை எடு. பல்லுக்கு ஆறு இடம், அழுத்தாமல் மெதுவாக. 3 மில்லிமீட்டர் வரை பயமில்லை. 4 என்றால் கவனி. 6 என்றால் எலும்பைப் பார். ஒவ்வொரு எண்ணையும் சார்ட்டில் எழுதி வை. கூட்டம் அதிகம் என்று சீனியர்கள் இதைத் தாண்டிப் போவார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். எதிரே இருப்பவர் அந்த 8 சதவீதத்தில் ஒருவரா, 81 சதவீதத்தில் ஒருவரா என்பது ஒரு நாள் பார்வையில் பிடிபடாது. இரண்டு சார்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்று. “கிளீன் பண்ணா பல் ஆடும் டாக்டர்” என்று தினமும் கேட்பாய். சிரித்து ஒதுக்காதே, அவர்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரை ஒன்றோடொன்று ஒட்டிப் பற்களைப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்து வீக்கமும் வடிந்தால் இடைவெளி தெரியும், கூச்சம் வரும், பல் ஆடுவதும் தெரியும். ஸ்கேலிங்குக்கு முன்பே நோயாளியின் கையில் கண்ணாடியைக் கொடுத்து இதைக் காட்டு. பிறகு சொன்னால் சமாதானம் போலத்தான் கேட்கும். அவர் மறுபடி வரமாட்டார். வராவிட்டால் ஆழமான பைகளில் கிருமி திரும்பக் குடியேறும், நீ செய்த வேலை வீண். இரண்டு மாதத்தில் வரச் சொல்லி மறுபடி அள. குறையாத இடத்துக்கு மட்டும் அறுவை சிகிச்சையை யோசி.

முதல் சில நோயாளிகளின் சார்ட்டுகளைப் பெயரை மறைத்து அனுப்பு. உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா