அபுதாபிக்குப் புறப்படும் மகனுக்கு

சிரஞ்சீவி மகனுக்குப் பெரியப்பா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

அபுதாபியில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் உனக்கு உத்தியோகம் உறுதியாகி, விசாவும் கைக்கு வந்துவிட்டதென்று உன் தகப்பனார் சொன்னதிலிருந்து, நீ விமானம் ஏறுவதற்குள் உனக்குப் பிரயோஜனமாக எதைச் சொல்லலாமென்று யோசித்துக்கொண்டிருந்தேன். உடுப்பையும் உணவையும் தங்குமிடத்தையும் பற்றிச் சொல்ல அங்கே நம் ஊர்க்காரர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லையென்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. அது இணையத்தின் வழியாக ஒருவரோடொருவர் பேசுவது. உன் உத்தியோகத்தில் பாதி அந்தப் பேச்சினால் நடக்கப்போகிறது. உன் தாயாரின் மனநிம்மதி முழுவதும் அதைக்கொண்டே நடக்கப்போகிறது. ஆகையால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

வளைகுடா நாடுகளுக்கு முதன்முதலில் பிழைக்கப் போன தலைமுறையார், கடிதத்தில் அடங்காத சமாசாரங்களைக் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர் யாராவது ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்கள். பின்னால் எஸ்.டி.டி. பூத்துகள் வந்தன. கண்ணாடி அறைக்குள் நின்று பேசுகிறவருடைய கண்ணுக்கெதிரே கட்டணம் சிவப்பு இலக்கங்களில் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் என்னென்ன கேட்கவேண்டும், என்னென்ன சொல்லவேண்டும் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு உள்ளே போவார்கள். அப்பாவின் மருந்து, தங்கையின் பரீட்சை, வீட்டுப் பத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்கள். ஏழைக் குடும்பங்களை அந்தக் கட்டணம் வாட்டியது உண்மை. அது தொலைந்ததற்கு நான் வருந்தவில்லை. ஆயினும், பேச்சுக்கு ஒரு நேரத்தையும் ஒரு வரிசையையும் ஒரு முடிவையும் அந்தக் கட்டணம்தான் அந்நாளில் வகுத்துக் கொடுத்துவந்தது. இப்போது அது இல்லாமற்போனபடியால், அவற்றை வகுத்துக்கொள்ளும் பொறுப்பு பேசுகிறவரிடமே வந்து சேர்ந்திருக்கிறது. உன்னிடம் நான் சொல்ல விரும்புவது பிரதானமாக இந்த ஒன்றுதான்.

முதலில் இணையப் பேச்சு வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொள். பழைய டெலிபோனில் நீ ஒருவரோடு பேசத் தொடங்கினால், பேசி முடிக்கும்வரை உங்கள் இருவருக்கென்றே ஒரு பாதை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதில் நீ மௌனமாக இருந்தாலும் கட்டணம் கொடுத்தே தீரவேண்டும். இணையத்தில் அப்படிப்பட்ட ஒதுக்கீடு கிடையாது. உன் குரல் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளக்கப்பட்டு எண்களாக மாறுகிறது. அந்த எண்கள், சாதாரணமாக விநாடியில் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டப்பட்டு, வரிசை எண்ணும் முகவரியும் இடப்பட்டு, சினிமாவும் பாங்கிக் கணக்கும் ஊரார் கடிதங்களும் போகிற அதே பாதையில் போகின்றன. சில முந்தி வரும். சில பிந்தி வரும். சில வந்தே சேரா. சேராதவற்றை மறுபடி கேட்டு வாங்குவதற்குள் பேச்சு கடந்துபோய்விடுமாகையால், பொதுவாகக் கைப்பேசி அவற்றைத் திரும்பக் கேட்பதில்லை. பூ கட்டுகிறவள் நாலைந்து பூக்களைக் கையில் சேர்த்து வைத்துக்கொண்டு தொடுக்க ஆரம்பிப்பதையும், நடுவில் ஒரு பூ குறைந்தால் பக்கத்துப் பூக்களை நெருக்கிக் கட்டி இடைவெளி தெரியாமற் செய்வதையும் நீ பார்த்திருக்கிறாய். கைப்பேசியும் சில பொட்டலங்கள் சேரும்வரை பொறுத்திருந்து, அவற்றை வரிசைப்படுத்தி, விடுபட்ட இடத்தை முன்னும் பின்னும் வந்த ஒலிகளைக்கொண்டு நிரப்பி உன் காதுக்குக் கொடுக்கிறது. ஒன்றிரண்டு போனால் தெரியாது. பத்துப் பதினைந்து சேர்ந்தாற்போல் போய்விட்டால் ஒரு சொல்லே விழுந்துவிடும்.

அப்படிப் பொறுத்திருக்கிற நேரமும் வழியில் ஆகிற நேரமும் சேர்ந்துதான் தாமதமாக நமக்குத் தெரிகின்றன. ஒருபக்கமாகக் குரல் போய்ச் சேருவதற்கு 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருந்தால் பெரும்பாலான சம்பாஷணைகள் இயல்பாகவே நடக்குமென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. முன்னாளில் செயற்கைக்கோள் மூலமாக வந்த வெளிநாட்டுக் குரல் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் மேலே ஏறி இறங்கவேண்டியிருந்ததால், அதிலேயே கால் விநாடி செலவாயிற்று. இருவரும் ஒரே சமயத்தில் பேசி, இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தி, மறுபடியும் ‘ஹலோ, ஹலோ’ என்று மோதிக்கொண்டதற்குக் காரணம் அதுதான். இப்போது குரல் கடலுக்கடியில் கண்ணாடி இழை வழியாகப் போகிறது. சென்னைக்கும் அபுதாபிக்கும் இடையே சுற்றுவழியாக 4,000 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், ஒளி அதை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் கடந்துவிடும். ஆகையால் பேச்சு தடுமாறும்போது கடலைக் குறை சொல்லாதே. குறை பெரும்பாலும் கடைசிப் பத்தடியில் இருக்கும். ஒரே அறையில் தங்கியிருக்கிற எட்டுப் பேரும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே வைஃபையில் படம் பார்த்துக்கொண்டிருப்பதில் இருக்கும். ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார். வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள். அதுவும் போதாவிட்டால் மொபைல் டேட்டாவுக்கு மாறு. குரலுக்கு வேண்டிய டேட்டா சொற்பம். சுருக்காமல் அனுப்பினாலும் பழைய டெலிபோன் தரத்துக்கு விநாடிக்கு 64 கிலோபிட்தான் ஆகும்; ஓபஸ் முதலிய இக்காலச் சுருக்குமுறைகள் அதில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து, அதைவிடத் தெளிவான குரலைக் கொடுக்கின்றன.

நிற்க. உத்தியோக விஷயத்துக்கு வருகிறேன். அபுதாபி கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் பிந்தியது. சென்னையில் அலுவலகம் 10 மணிக்குத் திறக்கும்போது அங்கே எட்டரை. இங்கே மாலை 6 மணிக்கு எல்லோரும் எழுந்து போகும்போது உனக்கு நாலரைதான் ஆகியிருக்கும். 2022 முதல் அங்கே அரசாங்க வாரவிடுமுறை சனி, ஞாயிறாகி, வெள்ளிக்கிழமை அரை நாள் வேலையாக இருந்துவருகிறது. முடிவு கேட்கவேண்டிய விஷயங்களை உன் மத்தியானத்துக்குள் பேசி முடித்துவிடு.

கொள்முதலில் இருக்கிறவனுக்கு எண்கள்தாம் உயிர்நாடி. இங்கிலீஷில் ‘ஃபிஃப்டீன்’ என்பதற்கும் ‘ஃபிஃப்டி’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் கடைசி அசையில் இருக்கிறது. அந்த அசை இருந்த பொட்டலங்கள் வழியில் விழுந்துவிட்டால், 15 டன் கம்பி 50 டன்னாகி லாரியில் ஏறிவிடும். ‘ஒன்று, ஐந்து; பதினைந்து’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, எதிரிலிருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல். மலையாளி, பாகிஸ்தானி, எகிப்தியர், ஃபிலிப்பினோ என்று பல தேசத்தார் தத்தம் உச்சரிப்பில் இங்கிலீஷ் பேசுகிற இடத்தில் இப்படிக் கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக எண்ணமாட்டார்கள். பேசி முடித்த கையோடு, பேசிய அளவையும் விலையையும் தேதியையும் நாலு வரி மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடு. பேச்சு மறந்துபோகும், எழுத்து நிற்கும். பலர் கூடிப் பேசும் கூட்டத்தில் உன் முறை வராதபோது மைக்கை அணைத்து வை. பேசத் தொடங்குமுன் உன் பெயரைச் சொல். பிறர் பேசி நிறுத்தியபின் ஒரு மூச்சு நேரம் பொறுத்துத் தொடங்கு, ஏனெனில் உனக்குத் தெரிகிற மௌனம் அவர் நிறுத்தியதாலும் உண்டாகியிருக்கலாம், அவருடைய குரல் வழியில் தங்கியதாலும் உண்டாகியிருக்கலாம். நீ பேசியதே உனக்கு எதிரொலியாகக் கேட்குமானால், உன் கருவியைத் திருகிக்கொண்டிராதே. அநேகமாக எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து உன் குரல் அவருடைய மைக்குக்குள் புகுகிறது, அவரை ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னால் தீரும். பிறருடைய பேச்சை அவர் சம்மதமில்லாமல் பதிவு செய்யாதே. அந்த நாட்டுச் சட்டப்படி அது குற்றம்.

சட்டம் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இங்கே பழகியதைப்போல அங்கிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் இணைப்புக் கிடைக்காது. செய்தி போகும், படம் போகும், பேச்சு போகாது. அனுமதி பெற்ற சேவைகளின் வழியாகத்தான் இணையத்தில் பேசலாமென்பது அமீரக அரசாங்கத்தின் விதி. குடும்பத்தோடு பேச அங்கே பெரும்பாலோர் போட்டிம் என்ற செயலியை உபயோகிக்கிறார்கள். அதை உன் தாயாரின் கைப்பேசியிலும் நீ புறப்படுமுன்பே போட்டுக் கொடுத்துப் பழக்கிவிடு. அலுவலகக் கூட்டங்களுக்கு டீம்ஸ், ஜூம் போன்றவற்றைக் கம்பெனியே ஏற்பாடு செய்திருக்கும். இணைய முகவரியை மறைக்கும் வி.பி.என். போட்டு வாட்ஸ்அப்பில் பேசலாமென்று அறைத்தோழர்கள் யோசனை சொல்வார்கள். குற்றம் செய்யும் நோக்கத்தோடு இணைய முகவரியை மறைப்பவர்களுக்கு 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க அங்கே சட்டம் இருக்கிறது. சில திர்ஹம் சந்தாவை மிச்சம் பிடிப்பதற்காக அந்தச் சட்டத்தின் எல்லையைப் பரீட்சை செய்து பார்ப்பது உனக்கு வேண்டாத வேலை. நம் தேசத்திலும் இணையப் பேச்சு 2002 ஏப்ரல் 1 முதல்தான் அனுமதிக்கப்பட்டதென்பதை நினைத்துக்கொண்டால், அந்த நாட்டின் மேல் உனக்கு வீண் கோபம் உண்டாகாது.

இனி உன் தாயாரைப் பற்றி. வீடியோவில் கூப்பிட்டால் அவள் பழக்கதோஷத்தால் போனைக் காதோடு வைத்துக்கொள்வாள். உனக்கு அவளுடைய கம்மலும் நரைத்த முடியும் உத்தரத்தில் சுழலும் மின்விசிறியும்தான் தெரியும். ‘அம்மா, முகத்துக்கு நேரே பிடி’ என்று அவசரப்படுத்தாதே. ஒரு சாய்மானத்தில் போனை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி உட்காரவைக்க உன் தங்கைக்குச் சொல்லிக்கொடு. தினமும் வீடியோவில் பேசவேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. என் அபிப்பிராயத்தில் குரல் மட்டுமே வருகிற பேச்சில்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். வீடியோவில் பாதி நேரம் ‘இளைத்துப்போய்விட்டாயே’ என்பதிலும், ‘தெரிகிறதா, தெரிகிறதா’ என்பதிலும் போய்விடும். பேசச் செலவில்லை என்பதனாலேயே, நடந்துகொண்டும் சாப்பிட்டுக்கொண்டும், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் வருஷக்கணக்காகப் பேசியும் தாயின் கண்ணில் புரை விழுந்திருப்பதை அறியாதவர்கள். வாரத்தில் இரண்டு நாளை நிச்சயம் செய்துகொண்டு, அந்த நேரத்தில் வேறொன்றும் செய்யாமல் உட்கார்ந்து அவள் பேசுவதைக் கேள். அவள் தயங்கும்போது, இணைப்பு அறுந்ததென்று நினைத்து ‘ஹலோ’ போட்டுவிடாதே. பெண்கள் முக்கியமான விஷயத்தை அப்படிப்பட்ட தயக்கத்துக்குப் பிறகுதான் சொல்வார்கள்.

வீட்டில் ஏதாவது விசேஷம் நடக்கும், நீ லீவு கிடைக்காமல் தூரத்திலிருந்து பார்ப்பாய். தாலி கட்டும் சமயத்தில் கெட்டிமேளம் முழங்கும்போது உன் காதில் அது கரைந்தும் அறுந்தும் விழும். மனிதக் குரல் அல்லாத சத்தத்தையெல்லாம் இரைச்சலென்று தள்ளும்படி அந்தச் செயலிகளுக்குக் கற்பித்திருப்பதால், அவை நாதஸ்வரத்தையும் தவிலையும் தள்ளப் பார்க்கின்றன. ஜூமில் மூல ஒலியை அப்படியே அனுப்பும்படி மாற்றி வைக்க இடமிருக்கிறது. விசேஷத்துக்கு முதல்நாளே உன் தங்கையைக்கொண்டு அதைச் செய்துவை.

வாட்ஸ்அப்பில் செய்தியும் பேச்சும் இடையில் யாரும் படிக்கவோ கேட்கவோ முடியாதபடி 2016 முதல் பூட்டப்பட்டே செல்கின்றன. ஆனால் எட்டுப் பேர் இருக்கும் அறையில் ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவிடம் நகைக்கடன் கணக்குக் கேட்டால், அந்தப் பூட்டினால் என்ன லாபம்? பெரிய அபாயம் இங்கே ஊரில் இருக்கிறது. போலீஸ் உடுப்புப் போட்டுக்கொண்டு வீடியோவில் தோன்றி, ‘உங்கள் மகன் பேரில் வழக்கு இருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், பணம் அனுப்புங்கள்’ என்று முதியவர்களை மிரட்டிப் பறிக்கும் கூட்டம் பெருகிவிட்டது. 2024 அக்டோபரில் பிரதம மந்திரியே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். அப்படியொரு கைது நம் சட்டத்தில் எங்கும் கிடையாது என்பதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விளக்கிச் சொல். அவ்விதம் யாராவது பேசினால் உடனே வைத்துவிட்டு உன் எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரிக்கவும், பணம் போய்விட்டால் தாமதியாமல் 1930க்குப் புகார் செய்யவும் பழக்கு.

ஆபத்து வேளைக்கு இந்தச் செயலிகளை நம்பாதே. அங்கே போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 998. இரண்டையும் சாதாரணப் போன் இணைப்பில்தான் கூப்பிடவேண்டும். எந்த ஒரு சேவையையும் நிரந்தரமென்று எண்ணவும் வேண்டாம். 2003இல் தொடங்கி, அயல்நாட்டுப் பிள்ளைகளை எத்தனையோ பெற்றோருக்குக் கணினித் திரையில் முதன்முதலாகக் காட்டிய ஸ்கைப், 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. 2008 ஜனவரி கடைசியில் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவுக்கு அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலும் வளைகுடாவிலும் இணையம் தள்ளாடியது. ஆகையால் உன் அபுதாபி எண், கம்பெனி எண், அறைத்தோழர் ஒருவருடைய எண் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதி, பூஜை அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போ.

அபுதாபியில் விமானம் இறங்கியதும் அம்மாவுக்கு ஒரு குரற்செய்தி அனுப்பு; வாட்ஸ்அப்பில் பேச்சு போகாவிட்டாலும் குரற்செய்தி போகும். எனக்குச் சாவகாசமாக எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியப்பா